காரியிடம் சொன்னது

சித்திரை 4, திங்கள்

மீன் வளர்ப்புப் பயிற்சியில் பாடம் நடத்திய அம்மா சொன்னார்: குட்டையில் தண்ணீர் எவ்வளவு, தீவனம் எவ்வளவு, மீன் எப்படி இருக்கிறது என்று தினமும் எழுதுங்கள். நானும் அதை எழுதத்தான் உட்காருகிறேன். மீனை எழுதினால் தண்ணீர் வருகிறது. தண்ணீரை எழுதினால் கிணறு வருகிறது. கிணற்றை எழுதினால் அவள் வந்துவிடுகிறாள்.

அவள் என்றால் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. பெயர் தெய்வாத்தாள். பாகம் பிரித்ததிலிருந்து நாலு வருடமாக எனக்கு அவள் 'அவள்', அவளுக்கு நான் 'சில பேரு'. மேய்ச்சல் காட்டில் பாதி எங்களுக்கு வந்தது. நான் அதில் குட்டை வெட்டித் தார்ப்பாய் விரித்து கட்லாவும் ரோகுவும் விட்டேன். "என்ற மாட்டு வாயில மண்ணப் போட்டுட்டா" என்று ஊரெல்லாம் சொன்னாள். அன்றைக்கு நின்றது பேச்சு. போன வருடத்துக்கு முந்தின வருடம் அவள் வீட்டுக்காரர் தவறியபோது போய்க் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். பேசவில்லை.

கிணறு மட்டும் இன்னும் பொது. தமிழ்த் தேதி ஒற்றைப்படை என்றால் அவள் முறை, இரட்டைப்படை என்றால் என் முறை. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி வைத்தது. மாதத்துக்கு முப்பத்தொன்று இருந்தால் முப்பத்தொன்றும் மறுநாள் ஒன்றும் சேர்ந்தாற்போல் அவளுக்கே போகுமே என்று அந்தப் பெரிய தலைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு சண்டை.

முன்பெல்லாம் மோட்டார் நாள் முழுக்க ஓடும். இப்போது சோறு வேகிற நேரம் ஓடினால் பிறகு காற்றுதான். அந்தத் தண்ணீரில்தான் ஒரு நாள் என் மீனும் மறுநாள் அவள் மாடும் பிழைக்க வேண்டும். அவளுக்கு இருப்பது காரி, செவலை என்று இரண்டு மாடு. செவலை சினை. அது நல்லபடியாகக் கன்று போட்டால்தான் அவள் வீட்டில் பால், அடுப்பு எல்லாம். எனக்கு இந்தக் குட்டையும் எட்டுத் தேன்பெட்டியும். என் வீட்டுக்காரர் ஆழ்குழாய் வண்டியில் வடநாட்டுப் பக்கம் போயிருக்கிறார். ஊருக்கெல்லாம் துளை போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறார்.

தீவனம் எழுத மறந்துவிட்டேன். வழக்கம்போல்தான் போட்டேன்.

சித்திரை 5, செவ்வாய்

அவள் முறை. கட்டுத்தரையில் மாட்டைக் கட்டிக்கொண்டே காரியிடம் சொன்னாள்.

"பாத்தியா காரி, மனுசனுக்கே குடிக்கத் தண்ணியக் காணோம். சில பேரு மீனுக்குக் குளம் ரொப்பறாங்க."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் காரியிடம்தான் சொன்னேன். "காரி, மீனும் உசுருதான். தண்ணிக்குள்ளயே இருக்குதேன்னு அதுக்கு ஒண்ணும் வேண்டாம்னு நெனச்சுக்காத."

காரி பாகத்துக்கு முன்னால் பிறந்தது. பின்னங்கால் முன்னால் வந்து சிக்கிக்கொண்டபோது இழுத்து வெளியே எடுத்தது நான், நாக்கில் சீம்பால் தடவியது அவள். அதனால் அது இரண்டு பேருக்கும் பொது என்று நாங்களே வைத்துக்கொண்டோம். அவள் பேசினால் அவளைப் பார்க்கும், நான் பேசினால் என்னைப் பார்க்கும், அசை போடுவதை நிறுத்தாது. எங்கள் இரண்டு பேர் பேச்சையும் முகம் சுளிக்காமல் கேட்கிற ஜீவன் இந்த ஊரில் அது ஒன்றுதான்.

சித்திரை 9, சனி

பூ என்று ஒன்றும் கிடையாது. வெள்வேல மரம்கூட இந்த வருடம் பூக்காமல் நிற்கிறது. பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு வைக்கிறேன். பாகைக் குடித்த தேனீ தண்ணீர் தேடி நேராக அவள் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. தொட்டி விளிம்பு முழுக்க அப்பிக்கொண்டிருக்கிறது. இன்று செவலை மூக்கில் கொட்டிவிட்டது. மாடு தொட்டிப் பக்கமே போகமாட்டேன் என்கிறது.

"காரி, சில பேரு வளத்தற ஈக்கெல்லாம் நம்ம தொட்டிதான் கெடச்சுதாட்ட இருக்குது" என்றாள்.

பெட்டிக்குப் பக்கத்தில் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தேன். ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. ஒரு இடம் பழகிவிட்டால் தேனீ அந்த இடத்தை விடாது. எங்கள் குடும்பத்து ஆட்கள் மாதிரி.

சித்திரை 12, செவ்வாய்

யோசித்து வழி கண்டுபிடித்தேன். காரியிடம் சொன்னேன். "காரி, மாடு குடிச்சதும் தொட்டிய ஈரச்சாக்குப் போட்டு மூடி வெச்சா தேனீ நாலு நாள்ல இங்க வந்துரும். என்ற தட்டுல சர்க்கரை கலந்து வெக்கறேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் பார்த்தால் தொட்டி மேல் சாக்கு.

நாலு வருடமாக இப்படித்தான். விதைக்கிற நாள், கரண்ட் வருகிற நேரம், காய்ச்சல், கல்யாணம் எல்லாம் காரி வழியாகத்தான். ஒரு வேலையும் நின்றதில்லை. பேசித்தான் ஆகவேண்டும் என்று எதுவும் இல்லை.

சித்திரை 15, வெள்ளி

தேனீ என் தட்டுக்கு வந்துவிட்டது. செவலை விலா எலும்பு தெரிகிறது. அவள் முறை நாள்தான், இருந்தும் சாயங்காலம் காலித் தொட்டியின் கல்லை நக்கிக்கொண்டு நின்றது. எனக்கென்ன.

சித்திரை 16, சனி

என் முறை. மோட்டார் சூடானது போல் இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

சித்திரை 18, திங்கள்

மோட்டார் இன்றைக்கும் சரியில்லை. பாதிதான் எடுத்தேன். குட்டையில் தார்ப்பாயின் மடிப்பு வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது.

சித்திரை 19, செவ்வாய்

அவள் முறையில் நன்றாகத்தான் ஓடுகிறது. இந்த மோட்டாருக்கும் ஆள் பார்த்து ஓடத் தெரிந்திருக்கிறது. செவலை வயிறு முட்டக் குடித்தது. நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, பெட்டியைத் திறந்து அடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது.

சித்திரை 21, வியாழன்

கத்திரி ஆரம்பம். விடிகிற நேரத்தில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடிக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, குடத்தில் மொண்டு உயரத் தூக்கித் திரும்பத் திரும்ப ஊற்றினேன். தண்ணீர் அடிபட்டால்தான் மீனுக்கு மூச்சு. வெயில் ஏறியபிறகு கீழே போயின. தீவனத்தை நிறுத்திவிட்டேன்.

நான் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் வேலியோரம் வந்து நின்றாள். காரியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சித்திரை 25, திங்கள்

நேற்று ஒரு தூறல். மண் வாசனை வந்ததோடு சரி. ஆனால் அவள் மேல்காட்டில் முழங்கால் உயரத்தில் கருகி நின்ற சோளப்பயிர் அடியில் பச்சையாகத் துளிர் விட்டிருக்கிறது.

அவளிடம் மாட்டுக்குப் போடும் காய்ந்த சோளத்தட்டுப் போர் தீர்ந்துவிட்டது. மாட்டுக்கொட்டகைக் கூரையில் வேய்ந்த பழைய வைக்கோலைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. இதை எழுதினால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள்.

சித்திரை 27, புதன்

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு மேல்காட்டுச் சோளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எனக்குத் திக்கென்றது. தண்ணீர் இல்லாமல் வாடிய சோளத்தில், அதுவும் துளிரில், நஞ்சு இருக்கும். மாடு ஒரு வாய் தின்றால் போதும்.

காரியிடம் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். "காரி, வாடுன சோளத்துல துளுத்தது நஞ்சு. போட்டாத் தின்னுபோடாத, செத்துப்போவே."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா. "பொறந்ததுலருந்து மாடு மேய்ச்சவியளுக்கு இதுகூடத் தெரியாமயா இருக்கும். தெரியலைன்னா மாட்டுக்காரின்னு பேரெதுக்கு" என்றும் சொன்னேன்.

அவள் காதில் விழுந்தது. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

சித்திரை 28, வியாழன்

காரி செத்துவிட்டது.

சித்திரை 29, வெள்ளி

நேற்றுக் காலையில் அவள் சோளத்தை அறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தேன். இன்னொரு தடவை சொல்லலாமா என்று நினைத்தேன். ஒரு தடவை சொன்னது போதும், என்ன குறைச்சல் எனக்கு என்று தேன்பெட்டிப் பக்கம் போய்விட்டேன்.

திரும்பி வருவதற்குள் அவள் கத்துகிற சத்தம். காரி தரையில் கிடந்தது. வாயில் நுரை, கால் நான்கும் இழுத்துக்கொண்டிருந்தது. செவலைக்கு இன்னும் போடவில்லை. எப்போதும் காரிக்குத்தான் முதலில் போடுவாள்.

வேலிப் படலைத் திறந்துகொண்டு ஓடியிருக்க வேண்டும். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் வண்டியை நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கீழே கிடந்த சோளத்தட்டை டாக்டர் கையில் எடுத்துப் பார்த்தார். "இதப் போடலாங்களா? தெரிஞ்சவிய யாராச்சும் சொல்லீருக்கக் கூடாதுங்களா?" என்று பொதுவாகக் கேட்டார். நான் சொன்னேனே என்று வாய்வரை வந்தது. யாரிடம் சொன்னாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்.

வெள்வேல மரத்தடியில் குழி வெட்டினார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றி, நெற்றியில் குங்குமம் வைத்தாள். கழுத்துக் கயிற்றைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். அழவில்லை. நான் இந்தப் பக்கம் நின்று அழுதேன். என் கையால் இழுத்து வெளியே எடுத்த கன்று அது.

சித்திரை 31, ஞாயிறு

இன்று அவள் முறை. நாளையும் ஒன்றாம் தேதி, அவள் முறைதான். இந்நேரம் காரியிடம் ஒரு பாட்டம் பேசித் தீர்த்திருப்பேன்.

வைகாசி 4, வியாழன்

இரண்டு பெட்டி காலி. தேனீ பஞ்சம் தாங்காமல் கூண்டோடு கிளம்பிப் போய்விட்டது. ஈக்களுக்கு அந்தச் சௌகரியம் இருக்கிறது.

செவலை தொட்டிக்குப் பக்கத்தில் காரி தொட்டி தனியாக இருக்கிறது. அவள் பழக்க தோஷத்தில் அதிலும் இரண்டு குடம் ஊற்றுகிறாள். செவலை அதில் வாய் வைக்காது. மிச்சம் இருக்கும் தேனீ என் தட்டை விட்டுவிட்டு மறுபடி அங்கே போய்க் குடிக்கிறது. அவள் சாக்குப் போட்டு மூடவில்லை. அந்தக் கட்டுத்தரையில் பேச்சுச் சத்தமே இல்லை.

வைகாசி 8, திங்கள்

மீனைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன். வலைக்காரர்கள் வந்து ஒரே இழுப்பில் முடித்துவிட்டார்கள். உள்ளங்கை அகலம்தான் வளர்ந்திருந்தது. "இன்னும் ரெண்டு மாசம் உட்டீங்கன்னா நல்லா வந்திருக்குமேங்க்கா" என்றான் வலைக்காரன். தண்ணீர் சூடாகிவிட்டது, செத்து மிதப்பதற்கு முன்னால் பிடிப்பதுதான் புத்தி.

ராத்திரி வீட்டுக்காரர் போனில் கேட்டார். "ஆடி வரைக்கும் ஓட்டிரலாம்னு நீதானே சொன்னே வசந்தா. கெணத்துல ஊறுதில்ல?"

"டவர் இல்லைங்க, கேக்க மாட்டேங்குது" என்று வைத்துவிட்டேன். டவர் இருந்தது.

என் குட்டை. நான் நின்று வெட்டியது. பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் வாயை அடைத்த குட்டை. இப்போது அடியில் சேறும் நாலு நத்தையும்.

வைகாசி 11, வியாழன்

இவளை என்ன செய்வது என்றே தெரியவில்லை.

குட்டை காலியான பிறகு நேற்று நான் மோட்டார் போடவில்லை. அதனால் இன்று கிணற்றில் இரண்டு பங்கு தண்ணீர். அவள் எப்போதும் எடுக்கிற அளவு எடுத்தாள், மோட்டாரை நிறுத்திவிட்டாள். மீதி என் பங்காம். செவலைக்கு இது கடைசி மாதம். மடி இறங்கிவிட்டது, வாய் உலர்ந்து நிற்கிறது. கிணற்றில் தண்ணீர் சும்மா கிடக்கிறது.

வேலியோரம் போய், "செவலை, கெணத்துல தண்ணி கெடக்குது பாரு, எடுத்துக் குடிச்சா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றேன். செவலைக்கு இதெல்லாம் பழக்கம் இல்லை. மிரண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சாணி வழித்துக்கொண்டிருந்தாள். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

வைகாசி 12, வெள்ளி

காலையில் படலைத் திறந்துகொண்டு போனேன். அவள் கொட்டகை நிழலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றேன். நாலு வருடம் கழித்து அந்த வார்த்தை வந்தது. "இரட்டைப்படை நாள்லயும் நீங்களே தண்ணி எடுத்துக்கோங்க. எனக்கு வேண்டாம். குட்டை காலி."

"உன்ற பங்கு எனக்கெதுக்கு."

"செவலைக்குங்க்கா."

கை நிற்காமல் கயிறு திரித்தது. நான் போகாமல் நின்றேன்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது உங்களைக் குத்திக் காட்டறதுக்கில்ல. கடைசியில வாய்க்கொழுப்புல ரெண்டு சேத்திச் சொன்னேன், வாஸ்தவம். ஆனா பயந்துபோய்த்தான் சொன்னேன். உங்க காதுல உழுந்துதில்ல?"

"உழுந்துது" என்றாள். கயிற்றைக் கீழே வைத்தாள். "எனக்கும் தெரியும் புள்ள அது ஆகாதுன்னு. பசிக்குக் கத்துதே, ஒரு கை போட்டா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். நீ பேசுன பேச்சுக்குத்தான் இன்னொரு கை சேத்திப் போட்டேன்."

"நான் சொல்லாமயே இருந்திருக்கலாங்க்கா" என்றேன்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றாள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "நீ காரிகிட்டச் சொன்னே. அது வாயில்லாச் சீவன். போட்டத வேண்டாம்னு சொல்லுமா?"

அந்தச் சாணித் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா கயிற்றை எடுத்துத் திரிக்க ஆரம்பித்தாள்.

வைகாசி 14, ஞாயிறு

இரட்டைப்படை. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் போடவில்லை.

வைகாசி 18, வியாழன்

காரி தொட்டித் தண்ணீரில் தேங்காய் மட்டைத் துண்டுகள் மிதக்கின்றன. தேனீ அதன்மேல் உட்கார்ந்து குடிக்கிறது. முன்பு தினமும் நாலைந்தாவது மூழ்கிச் சாகும், இன்று ஒன்றுகூட இல்லை. அந்த மட்டையை நான் போடவில்லை.

பெட்டி ஆறும் தங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

வைகாசி 23, செவ்வாய்

மத்தியானம் தேன்பெட்டியின் பழைய மரச் சட்டங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து சத்தம் வந்தது.

"வசந்தா."

யாரையோ என்று நினைத்தேன். அந்தக் குரலில் என் பெயரைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

"வசந்தா, சித்தெ வா. பின்னங்கால்தான் முன்னால வருது."

சுரண்டியதை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். செவலை நின்றுகொண்டே முக்கியது. நான் குளம்பைப் பிடித்துக்கொண்டேன், அக்கா அடிவயிற்றைத் தடவி, "இப்ப இழு, இப்பப் பொறு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னிடம்தான் சொன்னாள். கை வழுக்கியது, முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். கன்று வந்து வைக்கோல் மேல் விழுந்தது. அசையவில்லை. அக்கா மூக்கில் வாய் வைத்து ஊதினாள். நான் நெஞ்சைத் தேய்த்தேன். மாரியாத்தாளுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். பிறகு காதை ஆட்டியது.

கிடாரி, பெண் கன்று. பிறந்த நிறம் சிவப்பு, நிறம் மாற ஆறு மாதம் ஆகும். காரி மாதிரி கறுத்து வருமா, செவலை மாதிரியே இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாது. நாக்கில் சீம்பால் தடவ அக்கா விரலை நனைத்துக்கொண்டு குனிந்தாள். பழக்கத்தில் கன்றின் காதோரம் வாயைக் கொண்டுபோய், "கண்ணு, உங்க சித்திகிட்ட..." என்று ஆரம்பித்தாள்.

நிறுத்திவிட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வசந்தா, செவலைக்குத் தண்ணி வேணும். மோட்டாரப் போடு."

"இன்னைக்கு ஒத்தப்படைங்க்கா. உங்க முறை."

"தெரியும். நீ போய்ப் போடு."

கையைக் கழுவாமலே கிணற்று மேட்டுக்குப் போய் மோட்டாரைப் போட்டேன். முதலில் கொஞ்ச நேரம் காற்றுதான் வந்தது. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தண்ணீர் வந்தது.